48 வோல்ட் பேட்டரியிலிருந்து 3.3 வோல்ட்: ஒரே படியில் இறக்கும் பக் கன்வெர்ட்டர் செய்வது எப்படி?

12 வோல்ட்டை 5 வோல்ட்டாக்கும் பக் கன்வெர்ட்டரை யார் வேண்டுமானாலும் செய்துவிடலாம். டேட்டாஷீட்டில் இருக்கும் மாதிரி சர்க்யூட்டை அப்படியே போட்டாலே ஓடும். அதே தைரியத்தில் மின்சார சைக்கிளின் 48 வோல்ட் பேட்டரியில் ஒரு ஈஎஸ்பி32 (வைஃபை உள்ள சின்ன மைக்ரோகன்ட்ரோலர்) போர்டை ஓட்டிப் பார்க்கலாம் என்று இறங்கும்போதுதான் விவகாரம் ஆரம்பிக்கும். ஐசி கொதிக்கும், காயில் கீச்சிடும், வெளியீடு ஆடிக்கொண்டே இருக்கும். சில சமயம் பேட்டரி கனெக்டரைச் செருகிய கணத்திலேயே எல்லாம் முடிந்துவிடும்.

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் ஆம்பியரைப் பார்த்து ஐசி வாங்குகிறார்கள். உள்ளீடு வெளியீட்டைப்போல் பதினாறு மடங்கு இருக்கும் இடத்தில் அது இரண்டாவது கேள்விதான். முதல் கேள்வி நேரம் பற்றியது: மேல் ஸ்விட்ச் ஒவ்வொரு சுற்றிலும் எத்தனை நானோ வினாடி ஆனில் இருக்கப்போகிறது? அதற்கு விடை தெரிந்தால் ஐசி, ஃப்ரீக்வென்சி, காயில் எல்லாம் வரிசையாகத் தீர்மானமாகிவிடும்.

இந்தக் கட்டுரைக்கு நான் எடுத்துக்கொள்ளும் உதாரணம்: 48 வோல்ட் லித்தியம் பேட்டரி உள்ளீடு, 3.3 வோல்ட் 1 ஆம்பியர் வெளியீடு. ஈஎஸ்பி32-க்குக் குறைந்தது 500 மில்லி ஆம்பியர் தரும் சப்ளை வேண்டும் என்கிறது அதைத் தயாரிக்கும் எஸ்பிரசிஃப். 1 ஆம்பியர் வைத்தால் கூடவே ஒரு ஜிபிஎஸ் மாட்யூலும் தாங்கும். பக் கன்வெர்ட்டர் என்றால் மேலே ஒரு ஸ்விட்ச், கீழே ஒரு டையோடு அல்லது இரண்டாவது ஸ்விட்ச், நடுவில் காயில் என்ற அளவுக்கு உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: 48 வோல்ட் என்பது உண்மையில் எத்தனை வோல்ட்?

48 என்பது பேட்டரியின் பெயர்தான். 13 செல்களைத் தொடராக இணைத்த சாதாரண லித்தியம் பேக், முழு சார்ஜில் 54.6 வோல்ட் காட்டும். காலியாகும்போது 39 வோல்ட் வரை இறங்கும். 16 செல் எல்எஃப்பி (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) பேக் சார்ஜ் ஆகும்போது 58.4 வரை போகும். நான்கு 12 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரிகள் என்றால் சார்ஜர் மாட்டியிருக்கும்போது சுமார் 57.6. வண்டியில் ரீஜென் பிரேக் (பிரேக் பிடிக்கும்போது மோட்டாரே பேட்டரியைச் சார்ஜ் செய்யும் வகை) இருந்தால் அதற்கும் மேலே கொஞ்சம் எகிறலாம்.

கணக்குகள் எல்லாவற்றையும் மிக உயர்ந்த வோல்ட்டேஜை வைத்தே போடுங்கள். இங்கே 54.6. ஐசியின் வோல்ட்டேஜ் வரம்பு இதைவிட எவ்வளவு மேலே இருக்க வேண்டும் என்பதைப் படி 6-இல் பார்ப்போம். 60 வோல்ட் ஐசி போதும் என்று நினைத்திருந்தால் அதை இப்போதே கைவிட்டுவிடலாம்.

ரிச்சி ஸ்ட்ரீட்டில் கைநிறையக் கிடைக்கும் எல்எம்2596 மாட்யூலை இந்த வேலைக்கு எடுக்கவே கூடாது. அந்த ஐசி 40 வோல்ட் வரைக்கும்தான். எச்வி என்று முடியும் வகை 60 வரை தாங்கும் என்றாலும், மாட்யூலில் இருக்கும் உள்ளீட்டு கெப்பாசிட்டர் பெரும்பாலும் 50 வோல்ட் அல்லது அதற்கும் குறைவு. ஷாட்கி டையோடு எஸ்எஸ்34 என்றால் அதுவும் 40 வோல்ட்தான்.

படி 2: நானோ வினாடிக் கணக்கு

டியூட்டி சைக்கிள் என்பது வெளியீட்டை உள்ளீட்டால் வகுத்தால் வருவது. 3.3 ÷ 54.6 = 0.06. அதாவது ஒவ்வொரு சுற்றிலும் 6 சதவீத நேரம்தான் மேல் ஸ்விட்ச் ஆனில் இருக்கும். மீதி 94 சதவீதமும் காயில் தன்னிடம் இருக்கும் கரண்ட்டைக் கீழ்ப்பக்கம் வழியாக ஓட்டிக்கொண்டிருக்கும்.

இந்த 6 சதவீதத்தை நேரமாக மாற்றிப் பாருங்கள். 150 கிலோ ஹெர்ட்ஸில் ஒரு சுற்று 6.67 மைக்ரோ வினாடி. ஆன் நேரம் சுமார் 400 நானோ வினாடி. 300 கிலோ ஹெர்ட்ஸில் 200. 500 கிலோ ஹெர்ட்ஸில் 121. 1 மெகா ஹெர்ட்ஸில் 60. 2.2 மெகா ஹெர்ட்ஸில் வெறும் 27 நானோ வினாடி.

எந்த ஐசிக்கும் இதில் ஓர் அடிமட்டம் உண்டு. டேட்டாஷீட்டில் மினிமம் ஆன் டைம் என்று ஒரு வரி இருக்கும். அதற்குக் குறைவான பல்ஸை அந்த ஐசியால் உருவாக்கவே முடியாது. பீக் கரண்ட் மோடில், அதாவது கரண்ட் ஓர் உச்சத்தை எட்டியதும் பல்ஸை நிறுத்தும் முறையில், வேலைசெய்யும் ஐசிகளில் இது பெரும்பாலும் 100 நானோ வினாடியை ஒட்டி, சிலவற்றில் 150 வரைகூட இருக்கும். மேல் ஸ்விட்ச் ஆன் ஆனவுடன் அதன் வழியே ஒரு கூர்மையான கரண்ட் முள் பாய்கிறது: ஸ்விட்ச் நோடில் (மேல் ஸ்விட்ச், கீழ்ப்பக்கம், காயில் மூன்றும் சேரும் புள்ளி) இருக்கும் கெப்பாசிட்டன்ஸ் நிரம்ப வேண்டும், கீழ் டையோடு அணைய வேண்டும். அந்த முள்ளைப் பார்த்து ‘கரண்ட் எட்டிவிட்டது’ என்று ஐசி ஏமாறக்கூடாது என்பதற்காக, தொடக்கத்தில் சில பத்து நானோ வினாடிகள் கண்ணை மூடிக்கொள்ளும்படி வடிவமைத்திருப்பார்கள். பிளாங்கிங் என்பது அதுதான். அதற்குமேல் கம்பேரட்டரின் தாமதமும் கேட் டிரைவரின் தாமதமும் சேர்ந்துகொள்ளும்.

நமக்குத் தேவையான ஆன் நேரம் இந்த அடிமட்டத்துக்குக் கீழே போனால் என்ன ஆகும்? ஐசி தன்னால் முடிந்த மிகச் சிறிய பல்ஸையே கொடுக்கும். அது தேவைக்கு அதிகம். வெளியீடு ஏறும். ஏறியதைப் பார்த்து அடுத்த பல்ஸைத் தவிர்க்கும், அப்புறம் மறுபடி ஒன்று விடும். சராசரி 3.3 வோல்ட் சரியாகவே இருக்கும். மல்டிமீட்டரில் ஒரு குறையும் தெரியாது. ஆனால் ரிப்பிள் (வெளியீட்டில் மிஞ்சும் ஏற்ற இறக்கம்) பல மடங்காகி, தவறவிட்ட பல்ஸ்களின் தாளம் காதுக்குக் கேட்கும் ஃப்ரீக்வென்சிக்கு இறங்கினால் காயிலும் செராமிக் கெப்பாசிட்டரும் கீச்சிடும்.

இதைவிட மோசமான நிலை வெளியீடு ஷார்ட் ஆகும்போது வருகிறது. இதைப் பலரும் கணக்கில் எடுப்பதே இல்லை. ஆன் நேரத்தில் காயிலின் குறுக்கே ஏறக்குறைய 54 வோல்ட் முழுதாக இருக்கும். ஆஃப் நேரத்தில் கரண்ட்டை இறக்க வேண்டிய வெளியீட்டு வோல்ட்டேஜோ இப்போது பூஜ்யம். 1 மெகா ஹெர்ட்ஸ், 4.7 மைக்ரோ ஹென்றி, 100 நானோ வினாடி மினிமம் ஆன் டைம் என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு பல்ஸிலும் கரண்ட் சுமார் 1.16 ஆம்பியர் ஏறும். ஆஃப் நேரத்தில் கம்பி ரெசிஸ்டன்ஸும் ஸ்விட்ச்சின் வீழ்ச்சியும் சேர்ந்து 0.2 வோல்ட் என்றால், 0.04 ஆம்பியர்தான் இறங்கும். கரண்ட் லிமிட் இருந்தும் பயனில்லை, ஏனென்றால் அது வேலைசெய்யத் தொடங்கும் முன்பே அந்தச் சிறிய பல்ஸ் முடிந்துவிடுகிறது. படிக்கட்டு ஏறுவதுபோலக் கரண்ட் ஏறி, காயில் சாச்சுரேட் ஆகி (காந்தம் நிரம்பி, கரண்ட்டைத் தடுக்கும் சக்தியை இழந்து), ஸ்விட்ச்சாக இருக்கும் மாஸ்ஃபெட் போய்விடும். ஷார்ட்டில் ஃப்ரீக்வென்சியைத் தானாகக் குறைத்துக்கொள்ளும், அல்லது கீழ்ப்பக்கக் கரண்ட் இறங்கினாலொழிய அடுத்த பல்ஸை விடாத, அல்லது கொஞ்ச நேரம் முழுதாக அணைந்து பிறகு முயலும் ஐசியாகப் பார்த்து எடுங்கள்.

சரி, ஃப்ரீக்வென்சியை எப்படித் தேர்ந்தெடுப்பது? டியூட்டியை மினிமம் ஆன் டைமால் வகுத்தால் உச்சவரம்பு கிடைக்கும். 130 நானோ வினாடி ஐசி என்றால் 0.0604 ÷ 130 நானோ வினாடி, சுமார் 465 கிலோ ஹெர்ட்ஸ். அந்த விளிம்பிலேயே நிற்காதீர்கள். மூன்றில் ஒரு பங்கு கீழே வந்து 300-இல் நில்லுங்கள். டேட்டாஷீட்டின் டிப்பிகல் எண்ணை எடுக்காமல் மேக்ஸிமம் எண்ணை எடுக்க வேண்டும். சின்ன காயில் கிடைக்கிறதே என்று ஃப்ரீக்வென்சியை ஏற்றும் பழக்கம் 12 வோல்ட்டில் சரி. இங்கே மெதுவாகப் போவதுதான் புத்திசாலித்தனம். 150 கிலோ ஹெர்ட்ஸில் ஓடும் பழைய பாணி மலிவு ஐசிகள் இந்த வேலையில் நவீன 2 மெகா ஹெர்ட்ஸ் ஐசிகளைவிட அமைதியாக ஓடுவதன் ரகசியமும் இதுவே.

படி 3: ஐசி

இந்த விகிதத்துக்கு எனக்குப் பிடித்தது கான்ஸ்டன்ட் ஆன் டைம் வகை. இதில் ஆன் நேரத்தை ஒரு ரெசிஸ்டரும் உள்ளீட்டு வோல்ட்டேஜும் சேர்ந்து முன்கூட்டியே நிர்ணயித்துவிடும். வெளியீட்டிலிருந்து திரும்பி வரும் ஃபீட்பேக் வோல்ட்டேஜ் குறையும்போது ஒரு பல்ஸ் விடும், அவ்வளவுதான். சாதாரண ஓட்டத்தில் அந்தக் குறுகிய பல்ஸுக்குள் கரண்ட்டை அளக்க வேண்டிய அவசரம் இல்லை. டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் எல்எம்5164 இந்த வகை: 6 முதல் 100 வோல்ட் உள்ளீடு, 1 ஆம்பியர், இரண்டு மாஸ்ஃபெட்டும் உள்ளேயே, மினிமம் ஆன் டைம் 50 நானோ வினாடி. நம் தேவையோ 200. நான்கு மடங்கு இடைவெளி கிடைக்கிறது.

அதில் ஃப்ரீக்வென்சியை அமைக்கும் ரெசிஸ்டர், கிலோ ஓமில், வெளியீட்டு வோல்ட்டேஜ் × 2500 ÷ கிலோ ஹெர்ட்ஸ். 3.3 × 2500 ÷ 300 = 27.5. கையில் கிடைக்கும் 27 கிலோ ஓமைப் போட்டால் சுமார் 305 கிலோ ஹெர்ட்ஸ். ஃபீட்பேக் ரெஃபரன்ஸ் 1.2 வோல்ட், மேலே 100 கிலோ ஓம், கீழே 57.6 கிலோ ஓம் வைத்தால் 3.28 வோல்ட் வரும்.

இந்த வகைக்கு ஒரு குணம் உண்டு. ஃபீட்பேக் காலில் ஓரளவு ரிப்பிள் இருந்தால்தான் ஒழுங்காக நடக்கும். எல்எம்5164-க்குக் குறைந்தது 20 மில்லி வோல்ட். நல்ல செராமிக் கெப்பாசிட்டர் போட்டால் வெளியீட்டு ரிப்பிள் சில மில்லி வோல்ட்தான் இருக்கும், போதாது. அதனால் ஸ்விட்ச் நோடிலிருந்து ஒரு ரெசிஸ்டரும் கெப்பாசிட்டரும் வைத்துச் செயற்கையாக ரிப்பிள் ஊட்ட வேண்டும். நம் எண்களுக்கு 120 கிலோ ஓமும் 3.3 நானோ ஃபாரட்டும் வைத்தால் 25 மில்லி வோல்ட்டை ஒட்டி வரும். காயிலுக்கு இணையாக இந்த ஜோடி உட்காரும். இரண்டும் சேரும் புள்ளியிலிருந்து ஒரு 56 பிக்கோ ஃபாரட் கெப்பாசிட்டர் ஃபீட்பேக் காலுக்குப் போகும். இதை மறந்துவிட்டு ‘ஐசி டூப்ளிகேட்’ என்று கடைக்காரரைத் திட்டுபவர்கள் நிறையப் பேர்.

பீக் கரண்ட் மோடுதான் வேண்டும் என்றால் எல்எம்5116 போன்ற எமுலேட்டட் வகை உண்டு. ஆஃப் நேரத்தில் ஓடும் கரண்ட்டை அளந்து வைத்துக்கொண்டு, ஆன் நேரத்தின் சாய்வைச் செயற்கையாக உருவாக்கிக்கொள்ளும். அதிக ஆம்பியர் வேலைகளுக்கு நல்லது. 1 ஆம்பியருக்கு அது தேவையில்லாத சுமை.

மலிவாக முடிக்க எக்ஸ்எல்7015 இருக்கிறது: 80 வோல்ட், 0.8 ஆம்பியர், 150 கிலோ ஹெர்ட்ஸ். நேரக் கணக்கில் தாராளம். இரண்டு குறை: வெளியே டையோடு போட வேண்டும், வரம்பு 80 வோல்ட்தான். முதல் குறை எவ்வளவு பெரியது என்று படி 5 சொல்லும், இரண்டாவதைப் படி 6 சொல்லும்.

படி 4: காயிலும் வெளியீட்டு கெப்பாசிட்டரும்

காயில் மதிப்பு = வெளியீடு × (1 − டியூட்டி) ÷ (ஃப்ரீக்வென்சி × ரிப்பிள் கரண்ட்). ரிப்பிளுக்கு 0.4 ஆம்பியர் விட்டால் 25 மைக்ரோ ஹென்றிக்குச் சற்று மேல் வரும். 33 மைக்ரோ ஹென்றி எடுங்கள், ரிப்பிள் 0.31 ஆம்பியர் ஆகும். சாச்சுரேஷன் கரண்ட் 2 ஆம்பியருக்குக் குறையக் கூடாது. லோடு 1 ஆம்பியர்தானே என்று 1.2 ஆம்பியர் காயில் வாங்காதீர்கள். ஐசியின் கரண்ட் லிமிட் செயல்படும் அளவு வரை காயில் தாங்க வேண்டும்.

இப்போது ஒரு ஏற்றத்தாழ்வைக் கவனியுங்கள். ஆன் நேரத்தில் காயிலின் குறுக்கே 51.3 வோல்ட், கரண்ட் ஒரு மைக்ரோ வினாடிக்கு 1.55 ஆம்பியர் வேகத்தில் ஏறும். ஆஃப் நேரத்தில் வெறும் 3.3 வோல்ட், மைக்ரோ வினாடிக்கு 0.1 ஆம்பியர்தான் இறங்கும். லோடு திடீரெனக் கூடினால் கன்வெர்ட்டர் சட்டென்று ஈடுகொடுத்துவிடும். லோடு திடீரென விலகினால் காயிலில் மிச்சமிருக்கும் கரண்ட் இறங்கப் பத்து மைக்ரோ வினாடி ஆகும். அதுவரை அது போகும் ஒரே இடம் வெளியீட்டு கெப்பாசிட்டர். வைஃபை அனுப்பி முடித்த ஈஎஸ்பி32 சட்டென்று தூங்கப்போவது இப்படிப்பட்ட தருணம்தான்.

எகிறல் எவ்வளவு? காயில் × கரண்ட்டின் வர்க்கம் ÷ (2 × கெப்பாசிட்டன்ஸ் × வெளியீடு). 33 மைக்ரோ ஹென்றி, 1 ஆம்பியர், 44 மைக்ரோ ஃபாரட் என்றால் சுமார் 0.11 வோல்ட். 3.41 வரை போய்த் திரும்பும். ஈஎஸ்பி32-இன் வரம்பு 3.6 என்பதால் பரவாயில்லை. ஆனால் அந்த 44 என்பது உண்மையில் மிஞ்சும் மதிப்பாக இருக்க வேண்டும். 6.3 வோல்ட் என்று எழுதிய சின்னச் செராமிக், 3.3 வோல்ட் ஏறியவுடனேயே தன் மதிப்பில் கணிசமான பகுதியை இழந்துவிடும். 22 மைக்ரோ ஃபாரட், 16 வோல்ட், 1206 அளவில் மூன்று வையுங்கள்.

படி 5: கீழ்ப்பக்கம் டையோடா, மாஸ்ஃபெட்டா?

12-லிருந்து 5 வோல்ட் எடுக்கும்போது டையோடு 56 சதவீத நேரம் ஓடுகிறது. 0.5 வோல்ட் வீழ்ச்சி, 1 ஆம்பியர் என்றால் 0.28 வாட் இழப்பு. வெளியீடு 5 வாட். யாரும் கவலைப்பட மாட்டார்கள். நம் விஷயத்தில் 100 வோல்ட் ஷாட்கி வேண்டும். வோல்ட்டேஜ் தாங்கும் திறன் கூடக்கூட அதன் வீழ்ச்சியும் கூடும், 0.7 என்று வைத்துக்கொள்ளலாம். அது 93 சதவீத நேரம் ஓடும். இழப்பு 0.65 வாட், வெளியீடோ 3.3 வாட்தான். மற்ற எல்லா இழப்பும் பூஜ்யமாக இருந்தாலும் எஃபிஷியன்சி 84 சதவீதத்தைத் தாண்டாது. ஆக, 0.3 ஆம்பியருக்கு மேல் தொடர்ந்து ஓடும் என்றால் கீழேயும் மாஸ்ஃபெட் இருக்கும் சிங்க்ரனஸ் வகைதான் என்பது என் கட்சி.

தனி மாஸ்ஃபெட்கள் வைத்துக் கட்டுபவர்களுக்கு ஒரு குறிப்பு. மேலும் கீழும் ஒரே எண்ணைப் போடாதீர்கள். மேலே இருப்பது 6 சதவீத நேரம்தான் கரண்ட் சுமக்கிறது. அதற்கு ரெசிஸ்டன்ஸைவிட வேகமும் குறைந்த கேட் சார்ஜும் முக்கியம். கீழே இருப்பது கிட்டத்தட்ட முழுநேர ஊழியர்; அதற்கு ரெசிஸ்டன்ஸ் குறைவாக இருக்க வேண்டும்.

ஸ்விட்ச்சிங் இழப்புகள் எல்லாவற்றிலும் உள்ளீட்டு வோல்ட்டேஜ் ஒளிந்திருக்கிறது. கீழ் மாஸ்ஃபெட்டின் பாடி டையோடு அணையும்போது 20 நானோ கூலோம் ரிக்கவரி சார்ஜ் என்றால், 54.6 வோல்ட்டில் 300 கிலோ ஹெர்ட்ஸுக்கு 0.33 வாட், 1 மெகா ஹெர்ட்ஸுக்கு 1.1 வாட். கேட்களை ஓட்டும் 5 வோல்ட்டை ஐசி உள்ளீட்டிலிருந்தே லீனியராக எடுத்தால், வெறும் 6 மில்லி ஆம்பியரும் 0.33 வாட் வெப்பமாகிவிடும். வெளியீடு 5 வோல்ட்டுக்குப் போதிய அளவு மேலே இருந்தால் அதிலிருந்து டையோடு வழியாக விசிசி காலுக்கு (அந்த 5 வோல்ட் இருக்கும் கால்) திருப்பிக் கொடுத்து இதை மிச்சப்படுத்தலாம். 3.3 வோல்ட் அதற்குப் போதாது.

படி 6: உள்ளீடு, அதாவது அதிகம் எரியும் இடம்

புதியவர்களின் போர்டு பெரும்பாலும் இறப்பது முழு லோடில் அல்ல. பேட்டரி கனெக்டரைச் செருகும் அந்தக் கணத்தில்தான்.

ஒரு மீட்டர் ஒயர் ஜோடிக்கு ஏறத்தாழ 1 மைக்ரோ ஹென்றி இருக்கும். அதன் முனையில் இழப்பே இல்லாத செராமிக் கெப்பாசிட்டர் மட்டும் இருந்தால், செருகியவுடன் வோல்ட்டேஜ் ஏறக்குறைய இரண்டு மடங்குக்கு எகிறித் திரும்பும். 54.6-க்கு அது 109 வோல்ட். 60 வோல்ட் ஐசிக்கும் 80 வோல்ட் ஐசிக்கும் சங்குதான். 100 வோல்ட் ஐசிக்கும் ஆபத்துதான்.

வைத்தியம் எளிது, விலையும் குறைவு: செராமிக்குக்கு இணையாக 47 மைக்ரோ ஃபாரட், 100 வோல்ட் சாதாரண அலுமினியம் எலக்ட்ரோலிடிக். அதன் உள் ரெசிஸ்டன்ஸ் அரை ஓம் சுமாருக்கு இருப்பதால் எகிறலை விழுங்கிவிடும். லோ இஎஸ்ஆர் (உள் ரெசிஸ்டன்ஸ் குறைவு) என்று எழுதிய விலையுயர்ந்த வகையை இங்கே தேடிப் போகாதீர்கள். மட்டமானதுதான் நமக்கு வேண்டும். அதற்கு முன்னால் ஒரு டிவிஎஸ் டையோடு (மொபெட் இல்லை). எஸ்எம்பிஜே58ஏ 58 வோல்ட் வரை சும்மா இருக்கும், 64-க்கு மேல் கடத்தத் தொடங்கும், முழு சர்ஜில் 93.6 வோல்ட்டில் பிடித்து நிறுத்தும். 100 வோல்ட் ஐசி வேண்டும் என்று நான் அடம்பிடிப்பது இந்த 93.6-க்காகத்தான்.

செராமிக்குக்கு 2.2 மைக்ரோ ஃபாரட், 100 வோல்ட், எக்ஸ்7ஆர், 1210 அளவில் ஒன்று அல்லது இரண்டு. 54 வோல்ட் ஏறியதும் பாதிக்குமேல் காணாமல் போகலாம் என்பதைக் கணக்கில் வையுங்கள்.

ஃபியூஸில் ஒரு பொறி இருக்கிறது. உள்ளீட்டின் சராசரி கரண்ட் 70 மில்லி ஆம்பியர் சுமார்தான்; அரை ஆம்பியர் ஃபியூஸ் போதும். ஆனால் காரில் போடும் பிளேடு ஃபியூஸ் வழக்கமாக 32 வோல்ட்டுக்குத்தான். 54 வோல்ட் டிசியில் அது உருகினாலும் ஆர்க் அணையாமல் தொடரலாம். ஃபியூஸின் மேல் எழுதியிருக்கும் டிசி வோல்ட்டேஜைப் பார்த்து வாங்குங்கள், அதைப் பேட்டரிக்கு எவ்வளவு பக்கத்தில் முடியுமோ அவ்வளவு பக்கத்தில் வையுங்கள்.

மேல் மாஸ்ஃபெட் ஷார்ட் ஆனால் என்ன ஆகும் என்பதையும் இப்போதே யோசித்துவிடலாம். 54 வோல்ட் நேராக 3.3 வோல்ட் லைனில் வந்து நிற்கும். லோடு விலைமதிப்புள்ளது என்றால், வெளியீட்டில் 3.6-ஐத் தாண்டினால் லைனையே ஷார்ட் செய்து உள்ளீட்டு ஃபியூஸை எரித்துவிடும் க்ரோபார் சர்க்யூட் ஒன்று வைப்பது நல்லது.

படி 7: போர்டு

சராசரி 70 மில்லி ஆம்பியர் என்றேன் அல்லவா? அது சராசரி மட்டுமே. உண்மையில் 200 நானோ வினாடிக்கு ஒரு முழு ஆம்பியர், அப்புறம் மூன்று மைக்ரோ வினாடிக்கு ஒன்றுமில்லை. இந்த வெட்டி வெட்டி ஓடும் கரண்ட் செராமிக் கெப்பாசிட்டரிலிருந்து கிளம்பி, ஐசிக்குள் போய், கிரவுண்டு வழியாக அதே கெப்பாசிட்டருக்குத் திரும்புகிறது. அந்த வளையம் விரல் நகத்தைவிடச் சிறியதாக இருக்க வேண்டும். மற்ற எந்த உதிரியையும் வைப்பதற்கு முன் உள்ளீட்டுச் செராமிக்கை ஐசியின் உள்ளீட்டுக் காலுக்கும் கிரவுண்டுக் காலுக்கும் ஒட்டி வையுங்கள். ஸ்விட்ச் நோடு செம்புப் பரப்பு சிறியதாக இருக்கட்டும். ஃபீட்பேக் ரெசிஸ்டர்கள் அதிலிருந்து விலகி ஐசியை ஒட்டி இருக்கட்டும். குறுகிய பல்ஸில் நாய்ஸ் அதிகம் கடிக்கும்: 5 நானோ வினாடி நடுக்கம் 200-இல் 2.5 சதவீதம், 60-இல் 8 சதவீதம்.

ரிங்கிங் (ஸ்விட்ச் மாறும்போது வோல்ட்டேஜ் அதிர்வது) வந்தால் உடனே ஸ்னப்பர் (அதை அடக்கும் ரெசிஸ்டர்-கெப்பாசிட்டர் ஜோடி) போடச் சொல்வார்கள். 470 பிக்கோ ஃபாரட் ஸ்னப்பர் 12 வோல்ட்டில் 0.02 வாட் தின்னும். 54.6 வோல்ட்டில் அதே ஸ்னப்பர் 0.43 வாட் தின்னும், ஏனென்றால் இழப்பு வோல்ட்டேஜின் வர்க்கத்தோடு ஏறுகிறது. முதலில் வளையத்தைச் சுருக்குங்கள். அப்புறம் பூட் கெப்பாசிட்டருக்கு (மேல் மாஸ்ஃபெட்டின் கேட்டை ஓட்டுவது) தொடராக இரண்டு மூன்று ஓம் போட்டுப் பாருங்கள். ஸ்னப்பர் கடைசி.

இரண்டு படியாக இறக்கினால் என்ன?

நியாயமான கேள்வி. 54.6-லிருந்து 12, அங்கிருந்து 3.3 என்றால் டியூட்டி 22 சதவீதம், 27.5 சதவீதம் என்று இரண்டும் சுகமான இடத்தில் வந்துவிடும். ஒவ்வொன்றும் 92 சதவீதம் என்றால் மொத்தம் 85. ஒரே படியில் வருவதைவிடக் குறைவு என்று சொல்ல முடியாது. மேல் மாஸ்ஃபெட் போனாலும் 54 வோல்ட் நேராக லோடுக்குப் போகாது. உதிரிகள் கூடும், இடம் கூடும், அவ்வளவுதான். 3.3 வோல்ட்டுக்கு 3 ஆம்பியருக்கு மேல் வேண்டும் என்றாலோ, வெளியீடு 1.8-க்குக் கீழே என்றாலோ நான் யோசிக்காமல் இரண்டு படிக்குப் போவேன்.

பல மின்சார ஸ்கூட்டர்களில் விளக்குக்கும் ஹாரனுக்கும் 12 வோல்ட் கன்வெர்ட்டர் ஏற்கெனவே இருக்கும். அதிலிருந்து எடுத்தால் இந்தக் கட்டுரையே வேண்டாம். சாவியை அணைத்தால் அது அணைந்துவிடும் என்பதால், எப்போதும் விழித்திருக்க வேண்டிய டிராக்கருக்கு மட்டும்தான் தனி வழி தேவை.

டேட்டா சென்டர்களில் இதே தலைவலி இன்னும் பெரிது. கூகுள் 2016-இல் ஓப்பன் கம்ப்யூட் அமைப்பில் சேர்ந்து 48 வோல்ட் ரேக் வடிவமைப்பை முன்வைத்தது. ப்ராசஸருக்கு வேண்டியதோ 1 வோல்ட் சுமார், நூற்றுக்கணக்கான ஆம்பியர். நேராக இறக்கினால் டியூட்டி 2 சதவீதம், 500 கிலோ ஹெர்ட்ஸில் 42 நானோ வினாடி. அதனால்தான் அந்த உலகத்தில் டிரான்ஸ்ஃபார்மர் சுற்று விகிதத்தை வைத்தோ, கெப்பாசிட்டர்களை வைத்து முதலில் வோல்ட்டேஜைப் பங்கு போட்டோ, காலியம் நைட்ரைடு ஸ்விட்ச்களை வைத்தோ தப்பிக்கிறார்கள்.

படி 8: முதல் பவர்

பேட்டரியை நேராக மாட்டாதீர்கள். இரண்டு 30 வோல்ட் பென்ச் சப்ளைகளைத் தொடராக இணைத்து, கரண்ட் லிமிட்டை அரை ஆம்பியரில் வையுங்கள். லிமிட்டை 100 மில்லி ஆம்பியர் என்று ரொம்ப இறுக்கினால் வேறு சிக்கல்: உள்ளீடு குறையக் குறைய பக் கன்வெர்ட்டர் அதிகக் கரண்ட் இழுக்கும், 12 வோல்ட்டில் முழு லோடுக்கு 300 மில்லி ஆம்பியருக்கு மேல். சப்ளை தடுக்கும், வோல்ட்டேஜ் விழும், இன்னும் இழுக்கும், அப்படியே மாட்டிக்கொள்ளும்.

லோடு இல்லாமல் 12 வோல்ட்டில் தொடங்குங்கள். 3.3 வந்ததா? 24, 36, 48, 54.6 என்று ஏற்றுங்கள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஸ்விட்ச் நோடை ஆசிலாஸ்கோப்பில் பாருங்கள். ப்ரோபின் முதலைக் கிளிப் ஒயரைக் கழற்றி வைத்துவிட்டு, நுனியில் மாட்டும் ஸ்பிரிங் கிரவுண்டைப் பயன்படுத்துங்கள். அந்த நீள ஒயர் இல்லாத ரிங்கிங்கையெல்லாம் காட்டும்.

கொஞ்சம் லோடு கொடுத்து 54.6-இல் பார்த்தால், 3.3 மைக்ரோ வினாடிக்கு ஒன்றாக, 200 நானோ வினாடி அகலத்தில் ஒல்லியான கம்பங்கள் சம இடைவெளியில் நிற்க வேண்டும். இரண்டு கம்பங்கள் ஒட்டி ஒட்டி வந்து, பிறகு நீண்ட இடைவெளி தெரிந்தால் உள்ளீட்டை 24 வோல்ட்டுக்கு இறக்கிப் பாருங்கள். ஒழுங்காகிவிட்டால் ஆன் நேரம் போதவில்லை, ஃப்ரீக்வென்சியைக் குறையுங்கள். அப்போதும் ஒட்டியே வந்தால் ஃபீட்பேக் ரிப்பிள் போதவில்லை. படி 3-இல் ரிப்பிள் ஊட்ட வைத்த 120 கிலோ ஓம் ரெசிஸ்டரைக் குறையுங்கள். கம்பத்தின் உச்சியில் எகிறல் எவ்வளவு என்றும் குறித்துக்கொள்ளுங்கள். 80-ஐ நெருங்கினால் போர்டு லேஅவுட்டைத் திரும்பப் பார்க்க வேண்டும்.

வெளியீட்டு ரிப்பிளைப் பார்க்கும்போது ஸ்கோப்பில் 20 மெகா ஹெர்ட்ஸ் பேண்ட்வித் லிமிட்டைப் போட்டுக்கொள்ளுங்கள். பிறகு 1 ஆம்பியர் லோடில் அரை மணி நேரம் ஓடவிட்டு ஐசியின் சூட்டைப் பாருங்கள். அடுத்தது ஷார்ட் டெஸ்ட்: வெளியீட்டை ஒரு தடித்த ஒயரால் இரண்டு மூன்று வினாடி ஷார்ட் செய்து விடுங்கள். எடுத்ததும் 3.3 திரும்பி வர வேண்டும்.

இதெல்லாம் முடிந்த பிறகு பேட்டரி. மோதிரம், உலோக வாட்ச் இருந்தால் கழற்றிவிடுங்கள். 54 வோல்ட் ஷாக்கைவிட, பேட்டரி ஷார்ட் ஆகும்போது ஓடும் கரண்ட்தான் கையைச் சுடும். கனெக்டரைப் பல முறை செருகிக் கழற்றி, ஒவ்வொரு முறையும் உள்ளீட்டு எகிறலை ஸ்கோப்பில் சிங்கிள் ஷாட்டில் பிடியுங்கள்.

இன்னும் ஓர் அளவீடு மிச்சம்: லோடு தூங்கும்போது உள்ளீட்டில் எத்தனை கரண்ட்? எல்எம்2596 போன்ற பழைய ஐசி தன் சொந்தச் செலவுக்கே 5 மில்லி ஆம்பியர் எடுக்கும். வண்டியை ஒரு மாதம் நிறுத்தி வைத்தால் 3.6 ஆம்பியர் மணி போய்விடும். 10 ஆம்பியர் மணி சைக்கிள் பேட்டரியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். எல்எம்5164 போன்றவை பத்து மைக்ரோ ஆம்பியர் சுமாரில் அடங்கிவிடும். மீட்டரில் அதைவிட மிகவும் அதிகமாகக் காட்டினால் முதலில் டிவிஎஸ் டையோடையும் எலக்ட்ரோலிடிக்கின் கசிவையும் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். புதிய எலக்ட்ரோலிடிக் என்றால் கொஞ்ச நேரம் வோல்ட்டேஜில் வைத்திருந்துவிட்டு அளவெடுங்கள். கசிவு படிப்படியாக இறங்கும்.